‘அம்மாவைக் கூட்டிட்டு வாங்க’: நர்சிங் மாணவி ஒருவரின் சுயமதிப்பும் அவர் திருப்பி அனுப்பிய நோயாளியும்

இந்த ஆய்வில் வரும் மாணவி எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார். வரைவை இரண்டு முறை படித்தார். ஓரிடத்தில், “இது நான் சொன்ன மாதிரி இல்ல மேம்” என்று அவரே திருத்தினார். குடும்பம், வயது, நாள் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியும் மருத்துவமனையும் பெயர் சுட்டப்படவில்லை.

பின்னணி

வடசென்னையில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் மகப்பேறு நர்சிங் டியூட்டராக இருக்கிறேன். மாணவர் ஆலோசனைப் பொறுப்பும் என்னிடம் உண்டு. எங்கள் மாணவர்களில் பாதிப்பேர் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்தவர்கள். மீதிப்பேர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்கள். பெரும்பாலோர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான்.

இந்த மாணவி பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. வயது 20. அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறார். முதல் வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அது இன்னும் மீட்கப்படவில்லை என்பதை அந்தப் பெண் என்னிடம் மூன்று தனித்தனிச் சந்தர்ப்பங்களில் சொல்லியிருக்கிறார்.

மகப்பேறு பாடத்தில் வகுப்பின் முதல் மூன்று பேரில் ஒருவர். கருத்தடை முறைகள் பற்றிய கேள்விக்கு அவர் எழுதிய விடைத்தாளை மற்ற மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். ஆனால் வகுப்பில் கை தூக்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கும்போதே “சாரி மேம்” என்பார். இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இரண்டரை வருடம் கடந்துவந்தேன்.

ஓ.பி.யில் நடந்தது

ஆறாம் செமஸ்டரில் ஒரு மருத்துவமனையின் குடும்பநல ஓ.பி.யில் போஸ்டிங். காலை பதினொரு மணி வாக்கில் ஒரு இளம்பெண் தனியாக வந்தார். ஓ.பி. சீட்டில் வயது 19 என்று இருந்தது. “நாள் தள்ளிப் போயிருக்கு சிஸ்டர்” என்று மட்டும் சொன்னார். ஏழு வாரம் இருக்கலாம் என்பது சீட்டில் இருந்த கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து பின்னால் கணக்கிட்டது.

மேஜைக்கு முன் வரிசையில் இன்னும் ஆறேழு பேர். மாணவி, “கல்யாணம் ஆச்சா?” என்று கேட்டார். அந்தப் பெண் தலையசைக்கவில்லை. மாணவி குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். பிறகு, “ஆகலைன்னா இங்க எதுக்கு வந்தீங்க? போய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.” வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, “இந்தக் காலத்துப் பசங்க” என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் எழுந்து போய்விட்டார். ஓ.பி. சீட்டு மேஜையிலேயே கிடந்தது.

அன்று மாலை வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் என்னை அழைத்து அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தார். “உங்க பிள்ளைங்க நல்லாத்தான் படிச்சிருக்காங்க” என்றார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மாணவி கேட்டதும் சொன்னதும் சட்டப்படி எவ்வளவு தவறு என்பதை அவரே தேர்வில் எழுதியிருக்கிறார். 1971-ன் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். பெற்றோரும் கணவரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 2021 திருத்தம் கருத்தடை தோல்வி பற்றிய விளக்கத்தில் ‘கணவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘துணை’ என்று வைத்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான பிரிவிலும் மணமாகாத பெண்ணை ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்புக்கு வந்த பெண்ணின் பெயரை வெளியிட்டால் தண்டனை உண்டு. எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதல் பேச்சு

மறுநாள் தேர்வறை காலியாக இருந்த நேரத்தில் கூப்பிட்டேன். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். நான் அவரைக் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பெண்ணைப் பார்த்ததும் உடம்பில் என்ன ஆச்சு?

வெகுநேரம் பேசவில்லை. யூனிஃபார்ம் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளிறிப்போனது. பிறகு சொன்னார்: “எனக்கும் ஒம்பது நாள் தள்ளிப் போயிருந்துச்சு மேம். அவங்களைப் பார்த்ததும் என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. நான் கத்தினா, நான் வேற அவங்க வேறன்னு ஆயிடும்னு தோணுச்சு.”

நான் இந்த நிகழ்வை எழுதக் காரணம் இந்த மூன்று வரிதான். நாங்கள் ‘நோயாளியிடம் நியாயத்தீர்ப்பு கூடாது’ என்று பாடம் நடத்துகிறோம். அந்தத் தீர்ப்பை இந்த மாணவி முதலில் தன் மேலேயே எழுதி வைத்திருந்தார்.

மீதி மெல்ல வந்தது. ஒன்றரை வருடமாக ஒரு பையனுடன் பழக்கம். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவர், வயது 22. பழக்கம் தொடங்கியபோது மாணவிக்கு 18 முடிந்திருந்ததா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டேன். முடிந்திருந்தது. முடியாமல் இருந்திருந்தால் 2012-ன் போக்சோ சட்டப்படி நான் புகார் செய்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன்பே அந்த எல்லையை அவரிடம் சொல்லியிருந்தேன்.

காண்டம் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்ற பதிலுக்குப் பிறகு கேட்கவில்லை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி. என்று தேர்வில் எழுதிய அதே வாரத்தில், அந்த மாத்திரையைக் கேட்க முடியாமல் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். “எங்க ஏரியா மெடிக்கல்ல எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும்.” கேட்டிருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி, தமிழ்நாட்டுக் கடைகளில் பல காலமாகவே அதை வாங்கிவைப்பது அரிது.

போன் பாஸ்வேர்டு பையனிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில படங்களும். “உன் கலருக்கு உன்னை யாரு கட்டிப்பா, நான்தான் இருக்கேன்” என்று பையன் சொல்வதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. ஒரு உண்மையை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். பள்ளியில் ‘கரிச்சட்டி’ என்று கூப்பிட்டார்களாம். மார்க் வாங்கத் தொடங்கியதே அந்தப் பெயரை மறக்கடிக்கத்தான்.

சாகணும்னு தோணியிருக்கா என்று நேரடியாகக் கேட்டேன். ரெண்டு தடவை என்றார்.

அளவுகோல் காட்டியதும் காட்டாததும்

மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோலைக் கொடுத்தேன். பத்தே வாக்கியங்கள், ஐந்து தன்னைப் பற்றி உயர்வாக, ஐந்து தாழ்வாக. மதிப்பெண் 0 முதல் 30 வரை. 15-க்குக் கீழே வந்தால் குறைவு என்று பொதுவாகக் கொள்வார்கள். இவருக்கு வந்தது 9.

எண் ஒரு வாசல்தான். வாக்கியங்களைத் தமிழில் சேர்ந்து படித்தபோது இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. ‘என்மேல் எனக்கு இன்னும் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்’ என்கிற வாக்கியத்துக்கு ‘ஆம்’ என்றால் அளவுகோலில் மதிப்பெண் குறையும். எங்கள் பிள்ளைகளோ அதை நல்ல ஆசையாக, முன்னேற நினைப்பவர் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘நான் பல நல்ல குணங்கள் உள்ளவள்’ என்பதற்கு ‘ஆம்’ போடவே தயங்குகிறார்கள். தன்னைத் தானே புகழ்வது திமிர் என்று வளர்ந்தவர்கள். இந்த மாணவியும் அந்த இடத்தில் பேனாவைத் தூக்கி, “இதை நான் சொல்லலாமா மேம்?” என்று கேட்டார்.

ஒரு தவறான வாசிப்பை இங்கேயே மறுக்க வேண்டும். சுயமதிப்பு குறைந்த பெண் ‘கெட்டுப்போவாள்’ என்று சில ஆசிரியர்களே பேசுகிறார்கள். உறவில் இருப்பதை வைத்தோ இல்லாததை வைத்தோ ஒருவரின் சுயமதிப்பைச் சொல்லிவிட முடியாது. இந்த மாணவிக்கு உறவில் விருப்பமும் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. விருப்பம் இருந்த இடத்தில் நிபந்தனை சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்ததுதான் நான் பார்த்த சிக்கல்.

எடுத்த முடிவுகள்

முதலில் உடம்பு. அன்றே யூரின் கார்டு டெஸ்ட், ஒரே கோடு: கர்ப்பம் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தோம். அதற்குள் மாதவிலக்கு வந்துவிட்டது. பால்வினைத் தொற்றுக்கும் எச்.ஐ.வி.க்கும் பரிசோதனை. எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகத் தயங்கினார். எங்கள் போஸ்டிங் நடக்காத ஒரு மருத்துவமனையில் இருந்த மையத்துக்கு நான் கூடப் போனேன். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதிவைத்தோம்.

மனநல மருத்துவரை அதே வாரம் பார்க்கவைத்தேன். பாலியல் ஆலோசனையில் ஜேக் அனான் 1976-ல் வகுத்த நான்கு படிகளை மாணவர்களுக்கு நடத்துகிறேன்: பேச அனுமதி தருவது, அளவான தகவல், குறிப்பான ஆலோசனை, தீவிர சிகிச்சை. எனக்குத் தகுதி முதல் இரண்டு படிக்குத்தான். இரவு நேரத்துக்கு டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அவர் போனில் ‘லைப்ரரி’ என்ற பெயரில் பதிந்துகொண்டார். பையன் போனைப் பார்ப்பான் என்பதால் அந்தப் பெயர்.

படங்களைப் பொறுத்தவரை உடனே போலீஸுக்குப் போக நான் வற்புறுத்தவில்லை. அவரிடம் வழிகளைச் சொன்னேன்: சைபர் குற்ற உதவி எண் 1930, அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவிலும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவிலும் குற்றம், எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது. ஸ்டாப்என்சிஐஐ என்ற இணையச் சேவையில், படத்தை எங்கும் ஏற்றாமல் அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் நம் கருவியிலேயே உருவாக்கிப் பதியலாம். அதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படம் வந்தால் தடுக்கும். அவர் இதை மட்டும் முதலில் செய்தார். தன் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு வேலையை முடித்த பிறகு அவர் உட்கார்ந்த விதமே மாறியது.

வீட்டில் சொல்வதில்லை என்ற முடிவுதான் கடினமாக இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் பெற்றோரை அழைப்பதே எங்கள் வழக்கம். பிரின்சிபால் மேடம், “நாளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வாதம் இது: அவர் வயது வந்தவர். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்று அவசரக் கல்யாணம் நடக்க வாய்ப்பு அதிகம். ஒரு நோயாளியிடம் ‘அம்மாவைக் கூட்டிட்டு வா’ என்று சொன்னதற்காக இந்தப் பெண்ணிடம் நாமும் அதையே சொல்லப் போகிறோமா? மேடம் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். தற்கொலை ஆபத்து கூடினால் மாணவியே தேர்ந்த ஒருவரிடம் சொல்வது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். மாணவி தன் பெரியம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

தண்டனையாக போஸ்டிங்கை நிறுத்தவில்லை. இரண்டு வாரம் என் பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும், நோயாளியிடம் பேசக்கூடாது.

அந்த நோயாளியை மறக்கவில்லை. மருத்துவமனையின் சமூகப்பணியாளர், சீட்டில் இருந்த எண்ணில் நான்கு நாள் அழைத்தார். என்ன விஷயம் என்று வேறு யாரிடமும் சொல்லிவிடக்கூடாது என்பதால் குறுஞ்செய்தி அனுப்பவில்லை. எண் அணைந்தே இருந்தது.

நான் செய்த தவறு

அடுத்த வாரம் முழு வகுப்புக்கும் ‘உறவுகளும் சுயமதிப்பும்’ என்று ஒரு அமர்வு வைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் எடுத்துக்காட்டாக, “நல்லாப் படிக்கிற ஒரு பொண்ணு, ஒரு பையன்கிட்ட போன் பாஸ்வேர்டு கொடுத்துட்டா” என்று தொடங்கினேன். இரண்டு பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து பதினொரு நாள் அவர் வரவில்லை. அந்தப் பதினொரு நாளில் பையனிடம் திரும்பப் போனார்.

அளவுகோலையும் அன்று வகுப்புக்குக் கொடுத்தேன். தாளின் மேலே ரோல் நம்பர் எழுதச் சொன்னேன். பாலியல் மனப்பாங்கு பற்றி நானே தயாரித்த கேள்விகளும் சேர்த்து. வந்த தாள்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. ‘திருமணத்துக்கு முன் உறவு தவறு’, ‘தவறு’, ‘தவறு’. ஒரு பையன் மட்டும் தனியாக வந்து, “நம்பர் போட்டா யாரு மேம் உண்மையை எழுதுவாங்க?” என்றான். அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் அல்ல, பெரியம்மா வீட்டில், அவர் கூப்பிட்ட பிறகு. டீ குடித்து முடிக்கும் வரை அவர் பேசவில்லை. “இனிமே என் கதையில ஒரு வரி வகுப்புல வந்தா நான் நின்னுடுவேன்” என்றார். சரி என்றேன்.

சொற்களைத் தேடிய வகுப்பு

பிறகு நாங்கள் செய்தது அறிவுரையை விட்டுவிட்டு மொழியைப் பிடித்தது. கரும்பலகையில் ஒரு பக்கம் பாடப்புத்தகத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன்: அமெனோரியா (மாதவிலக்கு வராதது), காய்ட்டஸ் (உடலுறவு), அபார்ஷன், லுக்கோரியா (வெள்ளைப்படுதல்). எதிரே, ஓ.பி.க்கு வரும் பெண்கள் சொல்வதை எழுதச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருத்தி ‘தலைக்கு ஊத்தல’ என்று எழுதினாள். ‘நாள் தள்ளிப் போச்சு’, ‘வெள்ளைப்படுது’, ‘வீட்டுக்குத் தூரம்’, ‘கலைச்சிடணும்’. காய்ட்டஸுக்கு எதிரே மட்டும் காலியாகவே இருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்தான், சிரிப்பு எழுந்தது. அவனைத் திட்டவில்லை. “உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானா?” என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்தான். ஆம் என்றான். பிள்ளைகளுக்கு அந்தச் செயலுக்கு இருந்தது ஒரு ஆங்கிலச் சொல்லும் ஒரு வசவும்தான். நோயாளியிடம் எதைச் சொல்வார்கள்?

அந்த இடத்தை நிரப்பியது எங்கள் மாணவிதான். சாக்பீஸ் வாங்கி, ‘ஒண்ணா இருந்தீங்களா’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார். ஓ.பி.யில் இரண்டு வாரம் வாய் திறக்காமல் நின்றபோது ஒரு வயதான ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) நோயாளிகளிடம் அப்படிக் கேட்பதைக் கேட்டிருக்கிறார்.

ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது இதே சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ரத்த மாதிரி சேகரிக்கப் போன செல்லப்பன் நிர்மலா அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவி. பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப்போய்ப் பேச அவருக்கும் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தோடேதான் போனார்.

நான்கு அமர்வுகள் நடித்துப் பார்த்தோம். திருமணமாகாத பெண், குழந்தை வேண்டாம் என்று சொல்லும் மனைவி, சிறுநீர் எரிச்சலோடு வரும் கல்லூரிப் பையன், ஆணோடு உறவில் இருக்கும் ஆண். கடைசி நோயாளிக்கு ஒரு மாணவி ‘மனநல வார்டுக்கு அனுப்புவேன்’ என்றாள். நூலகத்தில் இருந்த பழைய புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய பாடங்களைத் திருத்த வழிகாட்டியதையும், 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஒருவரின் பாலின ஈர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’ என்ற பெயரில் நடப்பதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்ததையும் படித்துக் காட்டினேன். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தோம்.

ஆண் மாணவர்கள் தனியே ஒரு மணி நேரம் கேட்டார்கள். மகப்பேறு வார்டில் ‘பையன் வேண்டாம்’ என்று நோயாளிகள் சொல்லும்போது படும் அவமானம்தான் அவர்கள் பேச வந்தது. அதற்கு நான் ஏற்கெனவே காது கொடுத்திருக்க வேண்டும்.

பின்னர் நடந்தவை

பையனுடனான உறவு இரண்டு முறை முறிந்து ஒட்டி, மூன்றாவது முறை நின்றது. பாஸ்வேர்டை மாற்றிய அன்று மிரட்டல் வந்தது. அப்போது அவரே 1930-க்கு அழைத்தார். புகார் எண்ணைப் பையனுக்கு அனுப்பினார். மிரட்டல் நின்றது. படங்கள் இதுவரை எங்கும் வரவில்லை. மூன்றாம் மாதப் பரிசோதனையிலும் தொற்று இல்லை. மனநல மருத்துவர் தந்த மருந்தை ஏழு மாதம் எடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அதே பத்து வாக்கியங்கள், 16 வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. இறுதி ஆண்டுப் போஸ்டிங்கில் ஒரு நாள், கையில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். மாணவி எழுந்து ஸ்கிரீனை இழுத்தார். சக்கரம் ஒன்று மாட்டிக்கொண்டது; காலால் தட்டி நகர்த்தினார். ஸ்டூலை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே குனிந்து, “எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு? உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?” என்று கேட்டார். கல்யாணம் பற்றிக் கேட்கவில்லை. டாக்டர் அறை வரை கூடப் போனார்.

வகுப்பில் எல்லோரும் மாறவில்லை. நடிப்பில் இதமாகப் பேசிய சிலர் கேன்டீனில் பழையபடிதான் பேசுகிறார்கள். ஒரு பெற்றோர் ‘கல்லூரியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களா’ என்று புகார் எழுதினார். பாடத்திட்டத்தின் பக்கத்தை இணைத்துப் பதில் அனுப்பினோம்.

மாற்ற வேண்டியவை

அளவுகோல் எதுவானாலும் பெயரும் எண்ணும் இல்லாமல், உறையில் வாங்குகிறேன். வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டுகளில் எங்கள் கல்லூரி, எங்கள் வயது, எங்கள் தெரு எதுவும் வருவதில்லை. சொல் தேடும் அமர்வு இப்போது முதல் போஸ்டிங்குக்கு முந்தைய வாரமே நடக்கிறது. அமைதியாக நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளோடு செமஸ்டருக்கு ஒரு முறையாவது தனியே உட்காருகிறேன். முன்பு தோல்வியடைந்தவர்களை மட்டும்தான் கூப்பிடுவேன்.

மருத்துவமனையிடம் இரண்டு வேண்டுகோள் வைத்தோம். ஓ.பி. மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வரிசையைத் தள்ளி நிறுத்துவது, அதைச் செய்துவிட்டார்கள். பதிவேட்டில் பெயருக்கு அடுத்தபடியாகவே இருக்கும் ‘திருமணமானவரா’ என்ற கட்டத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றுவது. அச்சடித்த பதிவேடுகள் தீரட்டும் என்றார்கள்.

அந்த 19 வயதுப் பெண் திரும்ப வரவில்லை. அவருடைய சீட்டு வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் இழுப்பறையில், உறையிட்டு இருக்கிறது. புதிய பேட்ச் வரும்போது, பெயரை மறைத்துக் கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் காட்டி, எத்தனை வாரம் என்று முதலில் அவர்களைக் கணக்கிடச் சொல்கிறார்.